குடியிருப்போர் கணக்கு

நாவற்குடாவிற் பிறந்தவனுக்கு இரு பக்கமும் நீர். மேற்கே வாவி, கிழக்கே கடல். இடையிலுள்ள மணற்றிட்டில் தென்னையும் வீடும் கோயிலும் பாடசாலையும் நெருங்கிக் கிடக்கின்றன. ஊர் அடங்கிய பின் கடலின் இரைச்சல் கேட்காத வீடு எங்கள் பகுதியில் இல்லை. அத்தகைய ஊரிலே பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞான ஆசிரியனாகத் தொழில் செய்தவன் நான். ஆண்டுதோறும் முள்ளந்தண்டில்லா விலங்குகளைப் பற்றிய பாடத்திலே கடற்பஞ்சை விளக்கியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு சாடியைப் போல அதனை வரைந்து, நீர் உட்புகும் துளைகளையும் வெளியேறும் வாயிலையும் அம்புக்குறியிட்டுக் காட்டியிருக்கிறேன். "விலங்குகளுள் மிக எளிய அமைப்புடையது, வாய் இல்லை, இதயம் இல்லை, நரம்பு இல்லை" என்று சொல்லி, பரீட்சைக்கு வரக்கூடிய வினாக்களையும் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றிருக்கிறேன். ஆனால், 2012ஆம் ஆண்டு தை மாதம் வரை உயிருள்ள கடற்பஞ்சொன்றை நான் கையால் தொட்டதில்லை.

இதற்குக் காரணம் கூறுவது எளிது. என் தொழில் வாழ்வின் பெரும்பகுதி யுத்த காலத்திலே கழிந்தது. முருகைக் கற்பாறைகள் நிறைந்த பாசிக்குடா எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரந்தான். எனினும் மாணவரை அங்கே அழைத்துச் செல்வது அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் முடியாத காரியம். கடலுக்குப் போகும் மீனவருக்கே நேரமும் தூரமும் வரையறுக்கப்பட்ட நாட்கள் அவை. ஆயினும் முழுப் பழியையும் யுத்தத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. கடற்கரை என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மீனவர் வலை உதறும் இடத்திற்கு ஒரு காலைப் பொழுது சென்றிருந்தாற் போதும். நான் செல்லவில்லை. புத்தகத்தில் இருப்பது விஞ்ஞானம், வலையில் இருப்பது கழிவு என்ற எண்ணம் எனக்குள் எங்கோ ஊறிக் கிடந்தது.

அந்த எண்ணத்தை உடைத்தவன் ஒரு மீனவரின் மகன். எட்டாம் வகுப்பு மாணவன். வகுப்பிலே பின்வாங்கில் இருப்பவன். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்பவன். அந்தத் தை மாதக் காலையில் அவன் ஒரு பிளாஸ்ரிக் வாளியைச் சுமந்து வந்தான். வாளி நிறையக் கடல்நீர். நீருக்குள்ளே தேங்காயளவு பருமனுள்ள, கருஞ்சிவப்பு நிறமான, துளைகள் நிறைந்த ஒரு திரள். கற்பாறைப் பக்கம் போட்ட வலையில் அது சிக்கியதாம். தகப்பனார், வலையைக் கிழிக்கும் சனியன் என்று ஏசிக்கொண்டு எறியப் போனாராம். பாடத்தில் வரைந்த படம் இதுதானோ என்று எண்ணி மகன் கேட்டு வாங்கி வந்திருக்கிறான்.

வாளியை மேசைமேல் வைத்தவன் அதன் அருகே காதைக் கொண்டுபோனான். பின்பு என்னைப் பார்த்து, "சேர், இது கதைக்குது" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆயினும் அவன் முகத்தில் விளையாட்டில்லை. குனிந்து கேட்டேன். சடக்... சடக்... யாரோ நீருக்குள் விரல் நொடிப்பது போன்ற ஒலி. மீன் பாடும் வாவியின் கரையிலே வளர்ந்தவன் நான். பூரணை இரவுகளில் கல்லடிப் பாலத்தின் கீழ் தோணியை நிறுத்தித் துடுப்பை நீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டவர்களின் கதைகளைச் சிறுவயதிலேயே கேட்டவன். அப்படியிருந்தும், பகலிலே, வகுப்பறையிலே, ஒரு வாளிக்குள்ளிருந்து கடல் பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அத்திரளைக் கத்தியால் மெல்லப் பிளந்தேன். உள்ளே நாளங்கள் சந்துபொந்துகளாகப் பிரிந்து ஓடின. ஒவ்வொரு சந்திலும் ஓர் உயிர். நகக்கண்ணளவு இறால்கள், அவற்றின் ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குப் பொருந்தாத பருமன். அந்தக் கொடுக்கை மூடும்போதுதான் அந்தச் சடக்கொலி பிறந்தது. பாம்பின் வாலைப் போன்ற ஐந்து கைகளை நெளித்துக்கொண்டு சிறு உடுமீன்கள் வெளிவந்தன. உடலின் இருபுறமும் மயிர்த்தொகுதிகளையுடைய புழுக்கள், பக்கவாட்டில் தட்டையான கூனி போன்ற பூச்சிகள், அரிசியளவு நண்டுகள், ஓர் உளுவைக் குஞ்சு. பிள்ளைகள் பென்சில் முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினர். இருநூறு வரை எண்ணிய பின் எண்ணிக்கையைக் கைவிட்டோம். ஒற்றை விலங்கென்று நான் முப்பது ஆண்டுகள் கற்பித்தது ஒரு குடியிருப்பாக இருந்தது.

அன்று முதல் இந்தச் சிறு உயிர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் புதிதாகக் கண்டதாக எண்ணியது மிகப் பழைய செய்தி. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், கடற்பஞ்சினுள்ளே புழுக்களும் பிற உயிர்களும் வாழ்வதைக் குறித்து வைத்தார். 1825ஆம் ஆண்டளவில் எடின்பரோவைச் சேர்ந்த றொபர்ட் கிராண்ட் என்ற வைத்தியர், உயிருள்ள பஞ்சின் வாயிலிலிருந்து நீர் தாரையாக வெளியேறுவதைக் கண்டு, அது வெறும் திரளன்று, ஓயாது நீரை இறைக்கும் விலங்கு என்று நிறுவினார். ஒரு நாளில் அது தன் உடற்பருமனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை வடித்தெடுக்கிறது. அந்த நீரோட்டமே உள்ளே குடியிருப்போருக்குக் காற்றும் உணவும்.

எண்ணிப் பார்த்தவரும் உண்டு. அமெரிக்க விலங்கியலாளரான பியேர்ஸ், புளோரிடாவுக்கு அப்பாலுள்ள தீவுகளில் எடுத்த ஒரு பெருங் கடற்பஞ்சைத் துண்டு துண்டாக ஆராய்ந்து 1932இல் கணக்கை வெளியிட்டார். அந்த ஒரே பஞ்சினுள் 17,000க்கு மேற்பட்ட உயிர்கள். அவற்றுள் 16,000க்கு மேற்பட்டவை நாங்கள் வாளியிற் கேட்ட அந்தச் சொடுக்கிறால்களின் இனத்தவை. எங்கள் ஊர்களில் ஒரு கிராம சேவகர் பிரிவிலே இத்தனை பேர் இருப்பது அரிது.

சொடுக்கொலிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதற்கும் எங்கள் கடலுக்கும் ஓர் உறவுண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே யுத்த காலத்தில், நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்கக் கடலுக்குள் கருவிகளை இறக்கிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், வேறெதையும் கேட்கவொட்டாமல் எண்ணெயிற் கடுகு வெடிப்பது போன்ற ஓர் ஓயாத ஒலியால் இடர்ப்பட்டனர். அது பகைவரின் சூழ்ச்சியன்று, விரலளவும் இல்லாத இறால்களின் வேலையென்று கண்டறிந்து, 1947இல் அந்த ஆய்வை வெளியிட்டனர். கொடுக்குகள் மோதுவதால் மட்டும் அவ்வொலி எழுவதில்லை; கொடுக்கு மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி தோன்றி, உடனே நொறுங்குவதாலேயே எழுகிறது என்பது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. ஹேர்மிஸ் இன்னும் எங்கள் கடலடியிலே கிடக்கிறது. பீரங்கி சுமந்த இரும்பின்மேல் இப்போது மென்பவளங்களும் பஞ்சுகளும் படர்ந்து நிற்கின்றன.

இலங்கைக் கடற்பஞ்சுகளைப் பற்றிய முதற் பெரும் ஆராய்ச்சி எப்படித் தொடங்கியது என்பதையும் அறிதல் தகும். 1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அரசாங்கத்தின் வருமானம் நின்றது. காரணம் காண்பதற்காக 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அவர் சேகரித்த கடற்பஞ்சுகளை ஆதர் டென்டி என்பவர் ஆராய்ந்து 1905இல் எழுதினார். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்துப் பாழாக்கும் பஞ்சுக்குப் பெயரிட்டவரும் அவரே. இறால்கள் பியர்சனிடம் கொடுக்கப்பட்டன. புழுக்கள் வில்லியிடம் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தனித்தனி அறிக்கையாயிற்று.

அவர்களுடைய உழைப்பைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. பெயரிடாமல் எதையும் ஆராய முடியாது. பெயரிட வேண்டுமாயின் பிரித்துத்தான் ஆக வேண்டும். எனினும், வீடு ஒரு கட்டுரையிலும் வீட்டார் வேறு கட்டுரைகளிலுமாகப் பிரிந்தபோது, அவர்கள் ஒருவரையொருவர் கொண்டு எவ்வாறு வாழ்ந்தனர் என்ற கேள்வி பின்னே தள்ளப்பட்டது. முத்துக்கு வழி காண்பதே நோக்கமாயிருந்த இடத்தில் அக்கேள்விக்கு அவசரமும் இல்லை. மூச்சையடக்கி ஆழத்திற் சென்று சிப்பி வாரிய குளிகாரரும் அப்படியே. எத்தனை இலட்சம் சிப்பி எடுக்கப்பட்டது என்ற கணக்கு ஏடுகளிலே உண்டு; எடுத்த மனிதனின் குடும்பம் எதைக்கொண்டு ஆண்டை ஓட்டியது என்பதை எழுத எவரும் வரவழைக்கப்படவில்லை.

பின்னே தள்ளப்பட்ட கேள்விக்கு அண்மைக் காலத்திலேதான் விடைகள் வருகின்றன. முருகைக் கற்பாறையைச் சூழ்ந்த தெளிந்த வெப்பக்கடல் உண்மையில் ஒரு பாலைநிலம். நீரில் உணவு மிகக் குறைவு. அங்கே இத்தனை கோடி உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன? நெதர்லாந்தைச் சேர்ந்த டி கூய் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2013இல் ஒரு வழியை எடுத்துக்காட்டினர். பவளமும் பாசியும் நீரிலே கரையவிடும் சத்தை வேறெந்த விலங்கும் எளிதில் உண்ண முடியாது. கடற்பஞ்சு அதனை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய வேகத்திலேயே தன் உடலின் பழைய கலங்களை உதிர்க்கிறது. அந்த உதிரலே நண்டுக்கும் புழுவுக்கும் நத்தைக்கும் உணவாகிறது. வாயில்லாப் பிராணி என்று நான் படம் வரைந்து காட்டியது பலருடைய உலைக்கு அரிசியாக இருந்திருக்கிறது. குடியிருப்போரும் சும்மா இருப்பதில்லை. சில உடுமீன்கள் பஞ்சின்மேற் படியும் அழுக்கைத் துடைத்துத் தின்று, அதன் துளைகள் அடைபடாமற் காக்கின்றன.

இவ்விடத்தில் முற்போக்கு எண்ணமுடைய வாசகர் ஒருவர் மகிழ்ந்து, "பார்த்தீரா, இயற்கையே கூட்டு வாழ்வைப் போதிக்கிறது!" என்று கூறக்கூடும். குரொப்பொட்கினின் 'பரஸ்பர உதவி' நூல் வெளிவந்ததும் ஹேர்ட்மன் இலங்கைக்கு வந்த அதே 1902ஆம் ஆண்டில்தான். உயிர்களின் வாழ்வு போட்டி ஒன்றால் மட்டும் ஆனதன்று என்று அவர் கூறியது மறுக்கக்கூடியதன்று. ஆயினும் நாம் அவசரப்படலாகாது. 1996இல் எமெற் டஃபி என்ற ஆராய்ச்சியாளர், மத்திய அமெரிக்காவின் பெலீஸ் கடலிலே பஞ்சுக்குள் வாழும் ஒருவகைச் சொடுக்கிறாலைப் பற்றி எழுதினார். ஒரு பஞ்சுக்குள் முந்நூறு வரை வாழும். அத்தனைக்கும் முட்டையிடுவது ஒரே ஓர் அரசிதான். மற்றவை காவல் காக்கின்றன. அயலிறால் புகுந்தால் கொடுக்கால் தாக்கிக் கொல்கின்றன. இதை வைத்து ஒருவர் முடியாட்சியே இயற்கை என்று வாதாடலாமல்லவா? நம் இந்துமாகடற் பஞ்சுகளில் உள்ள இவ்வினத்துட் பல ஆணும் பெண்ணுமாக இணைந்து வாழ்பவை. இன்னொருவர் இதிலிருந்து இல்லற தருமத்தைப் போதிக்கலாம். மனிதர் எவ்வாறு வாழ வேண்டுமென்பதை மனிதரே கூடித் தீர்மானிக்க வேண்டும். இறாலிடம் கேட்டுப் பயனில்லை. இறாலைப் பார்த்து நாம் கற்கக்கூடியது வேறொன்று: ஒரு வீட்டைத் தொடுமுன் அதற்குள் யார் இருக்கிறார்கள், எதனால் பிழைக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளும் கடமை.

அந்தக் கடமையை எனக்கு உணர்த்தியது புத்தகமன்று. மீண்டும் அந்த வகுப்பறைக்குத்தான் செல்ல வேண்டும். எண்ணி முடித்து, பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தபோது, வாளி கொண்டுவந்த பையன் மட்டும் தட்டருகே நின்றான். பிளந்து கிடந்த பஞ்சு அதற்குள் நிறம் மங்கி, மணக்கவும் தொடங்கியிருந்தது. நாளங்களுள் காற்றுப் புகுந்தால் பெரும்பாலும் அது மீள்வதில்லை என்பதை நான் பிறகே படித்தேன்.

"சேர், இந்த ஊடு செத்துட்டு. இனி இதுகள் எங்க போற?" என்று கேட்டான்.

"பின்னேரம் எல்லாவற்றையும் கடலில் விட்டுவிடுவோம், மகன்" என்றேன், பெருந்தன்மையோடு.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஊடில்லாம உட்டா மீன் தின்னிரும் சேர்" என்றான்.

அரிஸ்டோட்டிலும் அதையே எழுதியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது; பஞ்சிலிருந்து பிரிக்கப்பட்ட உயிர்களைப் பாறைமீன்கள் தின்றுவிடும் என்கிறார் அவர். பையன் அதை எந்த நூலிலும் படிக்கவில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்தபோது அவனுக்கு வயது ஆறு. வீட்டையும் அம்மம்மாவையும் கடல் கொண்டுபோயிற்று. அதன்பின் ஈராண்டுகள் தகரக் கொட்டிலில் வாழ்ந்தவன். 2005இல், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. உயிரைக் காப்பதற்கென்றே அவ்விதி வந்தது. அதனைப் பழிக்க மாட்டேன். ஆனால் கரையை விட்டு நகர்த்தப்பட்ட மீனவன் தோணியை எங்கே வைப்பான், வலையை எங்கே உலர்த்துவான், விடியுமுன் காற்றை எப்படிப் பார்ப்பான் என்பன வீட்டுக் கணக்கில் இடம்பெறவில்லை. பின்பு விதி தளர்த்தப்பட்டது. இடையில் கழிந்த மாதங்களைத் தளர்த்துவார் யார்? வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று என்பதை அந்தப் பையன் என்னைவிட நன்கு அறிந்திருந்தான். அவன் கேட்டது இறாலைப் பற்றி மட்டுமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

அன்று பின்னேரம் தட்டைச் சுமந்துகொண்டு கடற்கரைக்குச் சென்றோம். பிள்ளைகள் அலைக்குள் இறங்கித் தட்டைச் சாய்த்தனர். ஒருவரும் பேசவில்லை. அறிவுக்காகச் செய்த காரியந்தான். ஆனால் இருநூறு உயிர்களின் குடியிருப்பை, அது குடியிருப்பு என்றே அறியாமல், கத்தியால் பிளந்தவன் நான் என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

எங்கள் கரையின் முருகைக் கற்பாறைகளுக்கும் இதேபோன்ற கத்திகள் பல விழுந்திருக்கின்றன. நெடுங்காலமாக முருகைக்கல் வெட்டிச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பு எடுத்தனர். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும் அதனைத் தடுத்தன. தடை சரியே. ஆனால் சூளையில் நாட்கூலிக்குக் கல் சுமந்த குடும்பங்கள் பிறகு எதைக்கொண்டு பிழைத்தன? 1998இல் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கையின் பல முருகைப் பாறைகள் வெளிறி மடிந்தன. அந்தச் சூட்டை உண்டாக்கும் புகை எங்கள் மீனவரின் தோணியிலிருந்து எழுந்ததன்று. யுத்தம் முடிந்த பின் பாசிக்குடாவின் கரையில் உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. 2019இல் அதற்கு வடக்கேயுள்ள காயங்கேணிப் பாறை கடற்சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நல்ல செய்தி. பாறையைக் காப்போர் பாறைக்குள் வாழும் புழுவையும் எண்ண வேண்டும். அந்தக் கரையில் வலை வீசி வாழும் மனிதரையும் எண்ண வேண்டும். ஒன்றை எண்ணி மற்றதை விட்டால், காப்பு அரைக் காப்பாகவே முடியும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். கடற்கரைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிப்போர் மாதம் ஒரு காலையேனும் வலை உதறும் இடத்திற்குப் பிள்ளைகளோடு செல்லுங்கள். உதறி எறிவதைப் பாருங்கள். பிளக்க வேண்டாம், ஒரு வாளி கடல்நீரும் ஒரு வெள்ளைத் தட்டும் பொறுமையும் போதும். தாமாக வெளிவருவனவற்றை எண்ணிக்கொண்டு, கால்மணி நேரத்துக்குள் வீட்டாரோடு வீட்டையும் நீருக்குள் விட்டுவிடலாம். அங்கே மீனவரின் பிள்ளைகள் உங்களுக்கு ஆசிரியராவார்கள். பின்வாங்குப் பிள்ளை தலை நிமிர்ந்து பேசுவதை நீங்கள் காண்பீர்கள்.

அந்தப் பையன் க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். இப்போது தகப்பனாரின் தோணியில் அவனே தலைவன். சென்ற வருடம் ஒரு காலை கடற்கரையில் அவனைக் கண்டேன். "இப்பவும் அந்தப் பஞ்சு வலையில வருகுதா, மகன்?" என்று கேட்டேன்.

"வரும் சேர். வெயில் படுமுன்ன கடலுக்கயே கழட்டி உட்டுடுவன்" என்றான். சற்று நின்று, "வலை கொஞ்சம் கிழியும். அது தைக்கலாம்" என்றான்.

தோணியின் அணியத்தில் அமர்ந்து அவன் தைத்துக்கொண்டிருந்தான். நான் அருகே மணலில் உட்கார்ந்து, அவன் கேட்டபோதெல்லாம் நூலை எடுத்துக் கொடுத்தேன்.